பிள்ளையின் வளர்ச்சி பிந்துகிறது என்று தெரிந்ததும்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

என் மகனுக்கு இப்போது 11 வயது. இரண்டரை வயதில் ஆட்டிசம் என்றார்கள். அன்றிலிருந்து பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் தெரபி அறைகளுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வரும் அம்மா அப்பாக்களும் அதே பெஞ்சில்தான் வந்து உட்காருகிறார்கள். அவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. வரிசைதான் தப்பிவிடுகிறது. மாற்றுத்திறனாளி அட்டைக்காக ஆறு மாதம் அலைந்தவர்கள் காது டெஸ்ட் எடுத்திருக்க மாட்டார்கள். மூன்று தெரபிக்குப் பணம் கட்டியவர்கள் வீட்டில் பிள்ளையின் கையில் டம்ளரைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஒன்று முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மருந்தின் பெயரோ அளவோ இதில் இருக்காது. அதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

1. கிளம்பும் முன்: ஒரு ஃபைல், ஒரு நோட்டு, மூன்று வீடியோ

ஃபைலில் பிறப்புச் சான்றிதழ், பிரசவ ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, ஆதார், ரேஷன் கார்டு நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ எட்டு. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைத்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் நகல் கேளுங்கள். பிறந்தவுடன் அழுததா, எத்தனை கிலோ, மஞ்சள் காமாலை வந்ததா, பெட்டியில் வைத்தார்களா என்று எந்த டாக்டரிடம் போனாலும் கேட்பார்கள். ஞாபகத்திலிருந்து சொல்லும்போது ஒவ்வொரு இடத்திலும் ஒரு மாதிரி சொல்லிவிடுவோம்.

நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். கழுத்து நின்றது எப்போது, தவழ்ந்தது எப்போது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்துத் தடவையில் எத்தனை தடவை திரும்புகிறது.

வீடியோ ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். சாப்பிடும்போது ஒன்று, தனியாக விளையாடும்போது ஒன்று, நீங்கள் கூப்பிடும்போது ஒன்று. டாக்டர் அறைக்குள் போனதும் பிள்ளை அழும், இல்லையென்றால் உறைந்து உட்கார்ந்துவிடும். வீட்டில் எப்படி இருக்கிறது என்பதை அவர் பார்க்க அந்த வீடியோ ஒன்றுதான் வழி.

எப்போது போக வேண்டும்? 4 மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, 10 மாதமாகியும் பிடிக்காமல் உட்காரவில்லை, 16 மாதமாகியும் அர்த்தமுள்ள ஒரு சொல் இல்லை, 18 மாதமாகியும் நடக்கவில்லை, 2 வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை. இதில் எது இருந்தாலும் போங்கள். வந்துகொண்டிருந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் அந்த வாரமே போங்கள்.

“அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்” என்று ஆச்சி சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நமக்கு ஒரு நாள்தான் நஷ்டம். போகாமல் இருந்து ஏதாவது இருந்துவிட்டால் பிள்ளைக்கு வருடங்கள் போய்விடும். மூளை வேகமாக வளர்கிற வயது இதுதான்.

2. முதலில் காது

பேச்சு வராத பிள்ளைக்கு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காது கேட்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கதவு அடித்தால் திரும்புகிறது, டிவி பாட்டுக்கு ஓடி வருகிறது, ஆகவே கேட்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சில சத்தங்கள் கேட்டு, பேச்சின் மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காமலும் இருக்கும்.

சின்னப் பிள்ளைக்குச் செய்வது பெரா டெஸ்ட். தலையில் சிறு ஒயர்களை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்கள். வலிக்காது. ஆனால் பிள்ளை தூங்க வேண்டும். இதில்தான் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ பஸ் ஏறினால் பிள்ளை வழியெல்லாம் தூங்கி, டெஸ்ட் அறைக்குள் போகும்போது முழித்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை தட்டினாலும் தூங்காது. அன்றைக்கு நடக்காது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அடுத்த தேதிக்கு மாதமாகும்.

அதனால் முந்தைய இரவு தாமதமாகத் தூங்க வையுங்கள், காலையில் சீக்கிரம் எழுப்புங்கள். பஸ்ஸில் இரண்டு பேர் மாறி மாறி விளையாட்டுக் காட்டிக்கொண்டே வாருங்கள். பால், சோறு எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு. தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்கவில்லை என்று தெரிந்தால் உடைந்துபோக வேண்டாம். காது மெஷின் உண்டு, அது போதாத பிள்ளைக்கு காக்ளியர் இம்பிளான்ட் ஆபரேஷன் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். காதை முதலில் பாருங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இந்த வயது வரம்பை நினைத்துத்தான்.

கண்ணையும் கூடவே பார்த்துவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையென்றால் கட்டாயம்.

3. குறைபாட்டின் பெயர் தெரியும்வரை காத்திருக்காமல் போக வேண்டிய இடம்

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்க்கிறார்கள், செலவில்லை. குழந்தை மருத்துவரும் தெரபிஸ்டுகளும் ஒரே இடத்தில் கிடைப்பதுதான் இதன் பலம். அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வரும் மருத்துவக் குழுவும் பிள்ளையைப் பார்த்து இங்கேதான் எழுதி அனுப்பும். அவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

மேற்கே இருப்பவர்களுக்குத் தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. ஆரம்ப வயதுப் பயிற்சியை கிராமங்களுக்கே கொண்டுபோகிறவர்கள். தினமும் பஸ் ஏற முடியாத வீடுகளுக்கு இது பெரிய உதவி.

முதல் பார்வையிலேயே ஒரு பெயர் சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சிறு வயதில் “வளர்ச்சித் தாமதம்” என்று மட்டும் எழுதுவது சாதாரணம். பெயர் தெரிந்த பிறகு பயிற்சியைத் தொடங்கலாம் என்று நான்கு மாதம் சும்மா இருந்தவள் நான். ஆட்டிசமோ வேறெதுவோ, உட்காரப் பழக்குவதும் கேட்கப் பழக்குவதும் அன்றைக்கே தொடங்கக்கூடியவை. வெளியே வரும் முன் தெரபிஸ்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இந்த வாரம் வீட்டில் நான் என்ன செய்யட்டும்?”

4. வீட்டில் ஒரே ஒரு வேலை

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய படி, ஆளுக்கு ஆள் விட்டுவிடுகிற படியும் இதுதான். வாரத்தில் இரண்டு நாள் முக்கால் மணி நேரம் தெரபி என்றால் மாதத்துக்கு ஆறு மணி நேரம். மீதி நேரமெல்லாம் பிள்ளை நம்மோடு இருக்கிறது.

பல் தேய்ப்பு, சாப்பாடு, உடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்குவார்கள். பத்தே நாளில் அம்மாவும் களைத்துவிடுவாள், பிள்ளையும் களைத்துவிடும். தினமும் நடக்கிற ஒரு வேலையை மட்டும் எடுங்கள். நாங்கள் எடுத்தது கால்சட்டை போடுவது.

கால்சட்டையைக் கையில் கொடுத்துப் போடு என்றால் என் மகன் தூக்கி எறிந்துவிடுவான். ஒரு தெரபிஸ்ட் சொல்லித்தந்தது இது: கடைசி அடியை முதலில் பழக்கு. இலாஸ்டிக் வைத்த கால்சட்டையை நானே இரண்டு காலிலும் மாட்டி இடுப்புக்கு நாலு விரல் கீழே நிறுத்திவிடுவேன். அவனுக்குப் பின்னால் மண்டியிட்டு, அவன் இரண்டு கட்டைவிரலையும் இலாஸ்டிக்குக்குள் பக்கவாட்டில் நுழைத்து, என் கையை அவன் கைமேல் வைத்து ஒரு இழு. அவ்வளவுதான். போட்டு முடித்தாயிற்று என்று கட்டிக்கொள்வேன். முடித்த சந்தோஷம் அவனுக்குக் கிடைக்கிறது, மறுநாள் எறிவதில்லை.

முன்னால் உட்கார்ந்து செய்யாதீர்கள். எதிரில் இருந்தால் உங்கள் கை போகும் திசை வேறு, பிள்ளையின் கை போகும் திசை வேறு. பின்னாலிருந்து செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஒரு வாரம் கழித்து என் கையைப் பைய எடுத்தேன். இரண்டாம் வாரம் தொடைவரை ஏற்றி நிறுத்தினேன், அப்புறம் முட்டிவரை, அப்புறம் கணுக்கால். தானே கால் விட்டுப் போட இரண்டரை மாதம் ஆயிற்று. இதற்கு நடுவில் என் மாமியார் அவசரத்துக்கு மாட்டிவிட்ட நாட்களில் எல்லாம் ஒரு படி பின்னால் போனோம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. “அத்தை, கடைசி இழுப்பை மட்டும் அவனுக்கு விட்டுடுங்க” என்று காட்டிக்கொடுத்தேன். என்னைவிடப் பொறுமையாகச் செய்தவர்கள் அவர்கள்தான்.

சோறு, கழிப்பறை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். கழிப்பறைப் பழக்கத்துக்கு மட்டும் முதலில் நான்கைந்து நாள் எத்தனை மணிக்கு நனைக்கிறது என்று நோட்டில் குறித்து, அதற்குக் கொஞ்சம் முன்னால் உட்கார வையுங்கள்.

கை கால் இறுக்கமாக இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். படுக்க வைத்து ஊட்டாதீர்கள். தலையும் முதுகும் நிமிர்ந்து, முகவாய் லேசாகக் கீழ்நோக்கி இருக்கட்டும். படுத்தபடி ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போய் நெஞ்சில் சளியாகி நிமோனியாவில் முடியும். தூக்கும்போது இரண்டு காலும் உங்கள் இடுப்புக்கு இருபுறமும் வரும்படி ஒக்கலில் வையுங்கள். கால்கள் கத்தரி மாதிரி பின்னிக்கொள்வதை அது குறைக்கும். இடுப்பு மூட்டு நகர்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் டாக்டரிடம் கேட்டு வையுங்கள். கடையில் விற்கிற சக்கரம் வைத்த உட்காரும் வாக்கர் எந்தப் பிள்ளைக்குமே வேண்டாம்.

5. பேச்சுக்கு முன்னால் கேட்கும் வழி

“அம்மா சொல்லு, அப்பா சொல்லு” என்று நாள் முழுக்க நச்சரிப்பதை நிறுத்துங்கள். நானும் செய்தேன், அவன் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பிள்ளை பேசுவதற்கு முன்னால், வேண்டியதை இன்னொருவரிடம் கேட்கலாம் என்பது அதற்குத் தெரிய வேண்டும்.

பிடித்த தின்பண்டத்தைக் கண்ணாடி மாதிரித் தெரிகிற டப்பாவில் போட்டு இறுக மூடி, கைக்கு எட்டும்படி வையுங்கள். எங்கள் வீட்டில் அது சீரணி மிட்டாய். திறக்க முடியாமல் உங்களிடம் வரும். உடனே திறந்துவிடாமல் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பார்த்தாலும் போதும், கையை நீட்டினாலும் போதும், ஒரு சத்தம் போட்டாலும் போதும். அதுதான் கேள்வி. “திற” என்று ஒரே சொல்லைச் சொல்லித் திறந்து கொடுங்கள். ஒரு துண்டு மட்டும், மறுபடி மூடி வையுங்கள். இப்படி பத்துத் தடவை கேட்க வாய்ப்பு கிடைக்கும்.

அடுத்தது படம். உங்கள் வீட்டு டம்ளர், உங்கள் வீட்டு ஊஞ்சல், உங்கள் தெருக்கடை ஆகியவற்றை போட்டோ எடுத்துச் சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளைதான் அடுத்து வாயைத் திறக்கப் பார்க்கும்.

வீட்டில் பேசுகிற தமிழையே பேசுங்கள். பள்ளிக்காக என்று இங்கிலீஷுக்கு மாறிய வீடுகளில் அம்மாவே தட்டுத் தடுமாறிப் பேசுகிறாள், பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

நாக்கில் வசம்பு தேய்ப்பது, தேன் தடவுவது இரண்டும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தானதும்கூட. செல்போனையும் எடுத்து உள்ளே வையுங்கள். திருப்பிப் பேசாத ஒன்றோடு மணிக்கணக்கில் இருப்பது இந்தப் பிள்ளைகளுக்கு நல்லதில்லை.

6. தண்ணீரும் கதவும்

இதை அட்டைக்கு முன்னால் வைத்திருக்கிறேன். தாமிரபரணியும் பாளையங்கால்வாயும் கோடகன் கால்வாயும் வீட்டுப் பின்பக்கமாக ஓடுகிற ஊர் நம்முடையது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை. ஆபத்து என்று தெரியாது, கூப்பிட்டால் திரும்பாது.

என் மகன் மூன்றரை வயதில் ஒரு மத்தியானம் வாசல் தாழ்ப்பாளை நீக்கிவிட்டுப் போய்விட்டான். கால்வாய்ப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு மதினி அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். அவன் கால் முதல் படியில் நனைந்திருந்தது. அன்று சாயங்காலமே ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவின் உச்சியில் இரண்டாவது தாழ்ப்பாள் வைத்தோம்.

தாழ்ப்பாளைப் பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் வையுங்கள். சட்டையின் உட்பக்கம் போன் நம்பரை அழியாத மையில் எழுதுங்கள். தெருக்காரர்களிடம், கடை அண்ணாச்சியிடம், ஆட்டோ ஸ்டாண்டில் பிள்ளையைக் காட்டி, தனியாகப் பார்த்தால் பிடித்து வையுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மறைத்து வளர்க்கிற பிள்ளையை ஊர் அடையாளம் கண்டு காப்பாற்ற முடியாது. காணவில்லை என்றால் மற்ற எங்கேயும் தேடும் முன்பு தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள். கிணறு, தொட்டி, வாளியும் சேர்த்துத்தான்.

கோயில் கொடை நாட்களில் மைக் செட்டும் வேட்டும் தாங்காமல் ஓடுகிற பிள்ளைகள் உண்டு. காதை மூடும் ஹெட்போனை ஒரு மாதம் முன்பே வீட்டில் போட்டுப் பழக்குங்கள். அன்றைக்குப் புதிதாக மாட்டினால் அதையும் எறியும்.

7. வலிப்பு வந்தால்

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், மணி பாருங்கள். சாவிக்கொத்து கொடுப்பதும் கரண்டியை வாயில் வைப்பதும் கூடாது. பல் உடையும், மூச்சு அடைக்கும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. ஆறு மாதமாக வரவில்லை என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

8. அட்டையும் உதவித்தொகையும்

வாங்கத்தான் வேண்டும். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று தள்ளிப்போட்டவர்கள் பிறகு வருத்தப்பட்டதைத்தான் பார்த்திருக்கிறேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 21 வகைக் குறைபாடுகளுக்குச் சான்று உண்டு. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். விண்ணப்பத்தில் ஆட்டிசத்தைப் “புற உலகச் சிந்தனையற்றவர்” என்று எழுதியிருப்பார்கள், சி.பி. என்கிற செரிப்ரல் பால்சியை “மூளை முடக்குவாதம்” என்று. முதல் தடவை படிக்கும்போது நெஞ்சு அடைக்கும். அது அலுவலகச் சொல், அவ்வளவுதான்.

வரிசை இது. முதலில் பிள்ளைக்கு ஆதார். 5 வயதுக்குக் கீழே கைரேகை வேண்டாம், அந்த வயது ஆனதும் போய்ப் பதிய வேண்டும். அடுத்து பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருந்ததற்காகத் திரும்பி வந்தவர்கள் ஏராளம். அப்புறம் யு.டி.ஐ.டி. என்கிற தனித்துவ அடையாள அட்டைக்கு ஆன்லைன் விண்ணப்பம், அதன் பிறகு மருத்துவக் குழு. குழு உட்காரும் கிழமையைக் கேட்டுக்கொண்டு போங்கள். அறிவுத்திறன் மதிப்பீடு முன்பே எடுத்திருக்க வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தென்காசி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கத்தவர்கள் பழைய ஞாபகத்தில் கொக்கிரகுளத்தில் இருக்கும் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு வந்து ஒரு நாளை இழக்கிறார்கள். உங்களுக்குத் தென்காசி கலெக்டர் ஆபீஸ்.

அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல், தசைச்சிதைவு 40 சதவீதத்துக்கு மேல், கடும் பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் என்றால் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம், சி.பி., அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிரமயா காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் வரை. தெரபிச் செலவும் அதில் வரும். சாதாரண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. அம்மாவுக்கு எப்படியும் டிக்கெட் கிடையாது என்பதால், தாத்தா கூட்டிப்போகிற நாளில்தான் இதன் அருமை தெரியும். சான்றில் தற்காலிகம் என்று போட்டிருந்தால் முடியும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

9. அங்கன்வாடி, பள்ளி

உட்காரவும் பேசவும் வந்த பிறகு சேர்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். மற்ற பிள்ளைகளைப் பார்த்துக் கற்பதை வீட்டில் கொடுக்க முடியாது. முதல் வாரம் அரை மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரம் என்று கூட்டுங்கள். ஆசிரியைக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எதைக் கண்டால் பயப்படும், எதைக் கொடுத்தால் அமைதியாகும், ஒன்றுக்கு வந்தால் எப்படிக் காட்டும். அதைத் தாண்டி எழுதினால் படிக்க அவர்களுக்கு நேரமிருக்காது.

கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் ஏற்பாடும் அங்கேதான். குறைபாட்டைக் காட்டிச் சேர்க்க மறுக்க அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் உரிமை கிடையாது. என் மகனை ஒரு பள்ளியில் வாய்வார்த்தையாக மறுத்தார்கள். எழுதித் தாருங்கள் என்று கேட்டேன், மறுநாளே இடம் கிடைத்தது.

10. குணமாக்குகிறோம் என்று வருபவர்கள்

நேர்ச்சை வையுங்கள், மொட்டை போடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் தெரபி நாளை அதற்காக விடாதீர்கள். ஸ்டெம்செல், ரத்தத்திலிருந்து உலோகத்தை எடுக்கும் மருந்து என்று ஆட்டிசத்துக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகவே போகாதீர்கள். இவற்றால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரமில்லை, இரண்டாவது உயிருக்கே ஆபத்து. நகையை விற்றுவிட்டு அந்த பெஞ்சில் வந்து அழுத ஒரு அப்பாவின் முகம் எனக்கு மறக்கவில்லை.

11. மூன்று மாதத்துக்கு ஒரு முறை

நோட்டைத் திறந்து மூன்று மாதம் முன் எழுதியதைப் படியுங்கள், அதே மூன்று வீடியோவையும் திரும்ப எடுங்கள். எந்த மாற்றமும் தெரியாவிட்டால் அதை எடுத்துப்போய்த் தெரபிஸ்டிடம் காட்டிக் கேளுங்கள். முறையை மாற்ற வேண்டும், அல்லது வேலையை இன்னும் சின்னதாக உடைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வயதுக் கணக்கு அந்த நோட்டில் எங்கேயும் வரக்கூடாது.

மற்ற பிள்ளை இருந்தால் அதற்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கி, அந்தக் கிழமையையும் இதே நோட்டில் எழுதுங்கள். என் மகளுக்கு அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அந்த ஒரு மணி நேரம் அவள் தம்பியைப் பற்றி நான் பேசுவதில்லை.